விநியோகச் சங்கிலி இடர்க் கண்காணிப்புச் சேவை: சந்தா கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பல நாடுகளிலிருந்து உதிரிபாகங்களை வாங்கிப் பொருத்தி, தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். எங்கள் நிறுவனம் ஆண்டுச் சந்தா செலுத்திப் பயன்படுத்திவரும் விநியோகச் சங்கிலி இடர்க் கண்காணிப்புச் சேவை, அதாவது உதிரிபாகங்கள் வந்து சேர்வதில் தடங்கல் வருமா என்று கண்காணித்துச் சொல்லும் மென்பொருள் சேவை ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இவ்வகைச் சேவைகள் பலவும் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குவதால், பெயர் இல்லாமலே இது வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரதிநிதிகள் இச்சேவையின் முதன்மைச் சிறப்பாக எடுத்துக்காட்டுவது உடனடி எச்சரிக்கைகளை. ஆனால், கட்டிய சந்தாவுக்கு ஈடான பயனை எங்களுக்குத் தந்தவை, சப்ளையர்களுக்குப் பின்னால் இருக்கும் சப்ளையர்களைக் காட்டும் வரைபடமும், எந்த உதிரிபாகம் வராமல் நின்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்ற கணக்கும்தான். அந்த இரண்டையும் சரியாக அமைத்துக்கொள்ளும் உழைப்பு வாங்குபவரிடம் இல்லையென்றால், இந்தச் சந்தா வீண் செலவாகவே முடியும்.

எச்சரிக்கைகள் விரைவாக வருகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற கொள்கலன் கப்பல் மோதி அமெரிக்கத் துறைமுக நகரமான பால்டிமோரின் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்து விழுந்தபோது, சரக்கு முகவர் எங்களை அழைப்பதற்கு வெகுநேரம் முன்பே, அந்தத் துறைமுகத்தின் வழியாகச் செல்லவிருந்த ஆர்டர்களின் எண்களோடு எச்சரிக்கை வந்துவிட்டது. ஆர்டர் எண்களையும் சேர்த்து அனுப்புவது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு; எந்தச் சரக்கு பாதிக்கப்படும் என்று தேடும் வேலை மிச்சமாகிறது. ஆனால், சேவையை முதலில் நிறுவும்போது இருக்கும் அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டால், ஆலை இருக்கும் பகுதியில் பெய்யும் பலத்த மழை, துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்த அறிவிப்பு, எந்தச் சேதமும் விளைவிக்காத சிறு நிலநடுக்கம் என்று எல்லாமே ஒரே சிவப்பு நிறத்தில் வந்து குவியும். இரண்டு வாரம் இப்படி வந்தால் மூன்றாவது வாரம் யாரும் அவற்றைத் திறந்து பார்க்க மாட்டார்கள். எந்த உதிரிபாகத்துக்கு எந்த அளவுத் தடங்கல் வந்தால் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதை நாமே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரையறுத்தாக வேண்டும். எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் உற்பத்தித் திட்டப் பிரிவும் உடனிருந்து இதைச் செய்த பிறகுதான் எச்சரிக்கைகளுக்கு மதிப்பு வந்தது.

செய்தி விரைவாகக் கிடைப்பது மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதற்கு, 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் இருந்த ஃபிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கி ஏற்பட்ட தீவிபத்தைத்தான் இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். தீ சில நிமிடங்களில் அணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் தூசியே இருக்கக் கூடாத உற்பத்திக் கூடங்களில் புகையும் நீரும் புகுந்துவிட்டன. அந்த ஆலையின் சிப்களை நம்பியிருந்த கைப்பேசி நிறுவனங்களான நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் சில நாட்களுக்குள் தகவல் போய்ச் சேர்ந்தது. நோக்கியா உடனே உயர்மட்ட அளவில் ஃபிலிப்ஸிடம் பேசி, அதன் வேறு ஆலைகளின் உற்பத்தித் திறனையும் மற்ற தயாரிப்பாளர்களையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. எரிக்சனுக்கு அந்தச் சிப்களில் சிலவற்றுக்கு வேறு தயாரிப்பாளரே இல்லை. எரிக்சன் சுமார் 40 கோடி டாலர் வருவாயை இழந்தது. கண்காணிப்புச் சேவை எதை வாங்கலாம் என்று யோசிக்கும் எவரும், எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்பதற்கு முன், வந்த பிறகு கையில் என்ன மாற்று இருக்கிறது என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வரைபடம். நமக்கு நேரடியாகப் பொருள் அனுப்பும் முதல் அடுக்குச் சப்ளையர்களை நமக்குத் தெரியும், பி.ஓ. (கொள்முதல் ஆணை) போடுவதே அவர்களுக்குத்தான். அவர்களுக்கு மூலப்பொருள் தருபவர் யார், அவருக்குத் தருபவர் யார் என்பது பெரும்பாலும் இருட்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோஹோகு பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, கார்களுக்கு மினுமினுப்பான வண்ணம் தரும் ஸைராலிக் என்ற நிறமியை உலகிலேயே ஒரே ஓர் ஆலை, ஃபுகுஷிமா மாகாணத்தின் ஓனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை மட்டுமே, தயாரித்துவந்தது என்பது பல கார் நிறுவனங்களுக்குப் பெரும் சிக்கலாக முன்னால் வந்து நின்றது. ஃபோர்டும் கிரைஸ்லரும் சில நிறங்களில் ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டே, 2012 மார்ச் 31 அன்று, ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் நிறுவனத்தின் ஆலையில் வெடிவிபத்து நடந்தபோது, எரிபொருள் குழாய்களுக்கும் பிரேக் குழாய்களுக்கும் பயன்படும் பிஏ-12 என்ற நைலான் பிசினுக்கு உலகளவில் தட்டுப்பாடு வந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஆலைகளின் நேரடி வாடிக்கையாளர்கள் மட்டுமல்லர். அவற்றிலிருந்து மூன்று நான்கு அடுக்கு தள்ளி நின்றவர்களும்தான்.

இச்சேவை அந்த அடுக்குகளை இரண்டு வழிகளில் நிரப்புகிறது. ஒன்று, நம் சப்ளையர்களுக்கு அது நேரடியாகக் கேள்விப் பட்டியல் அனுப்புகிறது: எந்தெந்த ஆலையில் எந்தப் பொருள் தயாராகிறது, முக்கிய மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, மாற்று ஆலை உண்டா, ஆலை நின்றுபோனால் மீண்டும் இயங்க எவ்வளவு காலம் ஆகும். இரண்டு, பதில் வராத இடங்களைச் சுங்க ஆவணங்களிலும் பொதுவெளித் தரவுகளிலும் இருந்து ஊகித்து நிரப்புகிறது. சப்ளையர் உறுதிப்படுத்திய தொடர்பை அழுத்தமான கோட்டாலும் ஊகித்ததைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுவது இச்சேவையின் நேர்மைக்கு நல்ல சான்று. தெரிந்ததையும் தெரியாததையும் ஒன்றாகக் குழப்பாத வரைபடத்தை மட்டுமே நம்பி முடிவெடுக்க முடியும்.

குறை இருப்பது இடங்களைக் குறிக்கும் விதத்தில். எங்கள் கனெக்டர் சப்ளையரின் குறியீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது ஒரு பெருநகரத்தின் வங்கிகள் நிறைந்த தெருவில் இருந்த அடுக்குமாடி அலுவலகக் கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு கனெக்டர்கூடத் தயாராவதில்லை. கேள்விப் பட்டியலை நிரப்பிய விற்பனை அலுவலர் தலைமை அலுவலக முகவரியையே ஆலை முகவரியாக எழுதியிருக்கிறார், மென்பொருளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆலை இருக்கும் ஆற்றோரத் தொழிற்பேட்டையில் வெள்ளம் வந்திருந்தால் எங்களுக்கு எச்சரிக்கையே வந்திருக்காது. ஆகவே எங்கள் கிடங்கில் வந்திறங்கும் பெட்டிகளின் லேபிள்களையும், ஒவ்வொரு லாட்டுடனும் வரும் சோதனைச் சான்றிதழ்களையும், உற்பத்தி நாட்டுச் சான்றிதழ்களையும் எடுத்து, அவற்றில் இருக்கும் ஆலைக் குறியீட்டை வரைபடத்தோடு ஒப்பிட்டோம். பொருந்தாதவை கணிசமாக இருந்தன. இந்தச் சரிபார்ப்பைச் சேவை நிறுவனமே செய்து தர வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் விற்பதே இந்தத் தகவலைத்தானே.

இருந்தும், இந்தச் சந்தாவை நியாயப்படுத்தும் ஒரே காட்சியை நான் அந்த வரைபடத்தில்தான் கண்டேன். ஒரு முக்கியமான உறைப்பகுதியை இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு சப்ளையர்களிடமிருந்து பிரித்து வாங்கிவந்தோம்; ஒருவர் நின்றால் மற்றவர் தருவார் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். இரண்டாம் அடுக்கை விரித்துப் பார்த்தபோது, அந்த இரண்டு கோடுகளும் மூன்றாம் நாடு ஒன்றிலிருந்த ஒரே பிசின் ஆலையில் போய் முடிந்தன. இரண்டு ஒப்பந்தம், இரண்டு தரச்சோதனை, இரண்டு மடங்கு கடிதப் போக்குவரத்து என்று செலவழித்தும், இடர் ஒன்றாகவே இருந்தது. மாற்றுப் பிசினுக்கான தகுதிச் சோதனையை அன்றே தொடங்கச் சொன்னோம். தீத்தடுப்புத் தரச் சான்றிதழை மீண்டும் பெற வேண்டியிருந்ததால் அது பல மாதம் பிடித்த வேலை. ஆலை நின்ற பிறகு தொடங்கியிருந்தால் பயன்பட்டிருக்காது.

வரைபடம் ஆலைகளைத்தான் பின்தொடர்கிறது, பொருட்களை அல்ல என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். மின்னணுப் பாகங்களில் பயன்படும் கேலியம், ஜெர்மேனியம் ஆகிய உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் தேவை என்று சீனா 2023 ஜூலையில் அறிவித்து, ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே தீ இல்லை, வெள்ளம் இல்லை, எந்த ஆலையும் நிற்கவில்லை. எங்கள் உதிரிபாகங்களில் எவற்றில் அந்த உலோகங்கள் இருக்கின்றன என்ற கேள்விக்கு இச்சேவை பதில் தரவில்லை. பொருள் உள்ளடக்க அறிக்கைகளைச் சப்ளையர்களிடம் கேட்டு நாங்களே தேட வேண்டியிருந்தது. நாடுகள் மூலப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது வழக்கமாகிவரும் காலத்தில் இது சிறிய குறை அல்ல.

அடுத்து, நாள் கணக்கு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சிம்சி-லெவியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஃபோர்டு நிறுவனத்துக்காக உருவாக்கிய ஒரு முறையை இவ்வகைச் சேவைகள் பலவும் பின்பற்றுகின்றன. ஓர் ஆலையை நிறுத்தும் பேரிடர் எப்போது நிகழும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, ஆலை நின்றால் அது மீண்டும் இயங்க எத்தனை நாள் ஆகும், அதுவரை நம் கையிருப்பை வைத்து எத்தனை நாள் தாங்குவோம் என்ற இரண்டையும் ஒப்பிடுவதே அந்த முறை. மீளும் காலம் தாங்கும் காலத்தைவிட நீளமாக இருக்கும் உதிரிபாகம் எதுவோ, அங்கேதான் ஆபத்து. ஃபோர்டில் இதைச் செய்து பார்த்தபோது, ஒரு சப்ளையரிடம் செலவிடும் தொகைக்கும் அவர் நின்றால் வரும் இழப்புக்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்பது தெரிந்தது. மிகக் குறைந்த தொகைக்கு வாங்கும் சிறு பொருள்கள்கூட மிகப் பெரிய இழப்பை உண்டாக்கக்கூடியவையாக இருந்தன. எங்கள் பட்டியலிலும் அதுவே நடந்தது. மேலே வந்து நின்றது விலையுயர்ந்த மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, நீர் புகாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வளையம். அதன் அச்சு ஒரே ஓர் ஆலையில் மட்டும் இருந்தது. அதைக் கூடுதலாக வாங்கி இருப்பு வைப்பதற்கு ஆன செலவைக் கணக்குப் பிரிவு கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொண்டது.

இந்தக் கணக்கில் தாங்கும் காலம் நம்பத்தக்கது, ஏனென்றால் அது நம்முடைய ஸ்டாக் பதிவேட்டிலிருந்தும் உற்பத்தித் திட்டத்திலிருந்தும் நேரடியாக எடுக்கப்படுகிறது. மீளும் காலத்தைத்தான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். அது சப்ளையர் தானே எழுதித் தரும் எண். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத எவரும் இரண்டு வாரம், மூன்று வாரம் என்றுதான் எழுதுவார். அதைவிட முக்கியமாக, கேள்விப் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. 2021 மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலையில் தீப்பிடித்தது. ஒரு மாதத்துக்குள் உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனால் தீவிபத்துக்கு முந்தைய உற்பத்தித் திறன் முழுமையாகத் திரும்ப ஜூன் இறுதி வாரம் வரை ஆனது. சிப் தயாரிப்பில் ஒரு வேஃபர் (சிப்கள் உருவாக்கப்படும் மெல்லிய சிலிக்கான் தகடு) உள்ளே நுழைந்து முடிந்த பொருளாக வெளியே வருவதற்கே பல வாரங்கள் ஆகும் என்பதால், வாடிக்கையாளரின் கைக்குப் போதிய சரக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பின்னால்தான். இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கும் நாள், முழு அளவில் ஓடும் நாள், நம் பங்குச் சரக்கு நம் கிடங்கில் இறங்கும் நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு. இவற்றுள் முதலாவதை மட்டும் கேட்டு வாங்கி, மூன்றாவதைப் போல அதைத் திரையில் காட்டுவது தவறான நம்பிக்கையைத் தருகிறது. நாங்கள் ஒவ்வொரு முக்கியச் சப்ளையரிடமும் மூன்று நாட்களையும் தனித்தனியே கேட்டு எழுதி வாங்கினோம். கூடவே, தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கையாளர்களுக்குள் சரக்கை எந்த முறையில் பங்கிடுவார்கள் என்பதையும் கேட்டோம். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியவர்களின் பொருளுக்குத்தான் முதலில் மாற்றுத் தேடினோம்.

மற்றொரு குறை, ஏமனின் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கிய செங்கடல் நெருக்கடியின்போது வெளிப்பட்டது. 2023 நவம்பர் 19 அன்று கேலக்ஸி லீடர் கப்பல் கைப்பற்றப்பட்டதையும், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு தாக்குதலையும், டிசம்பரில் பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த வழியை ஒவ்வொன்றாகக் கைவிட்டதையும் சேவை தவறாமல் அறிவித்தது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் சுமார் 10 நாளோ அதற்கு மேலோ நீண்டது. ஆனால் அதே சேவையின் தாங்கும் காலக் கணக்கு, சூயஸ் வழியாகச் செல்லும் பழைய லீட் டைமையே (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் காலத்தையே) வைத்துக்கொண்டு ஓடியது! வரிசையாகச் சிவப்பு எச்சரிக்கைகள் வந்துகொண்டிருக்க, பக்கத்துத் திரையில் அதே உதிரிபாகம் பச்சை நிறத்தில் பாதுகாப்பாக இருந்தது. நீண்ட பயணத்தால் கடலில் மிதக்கும் சரக்கு கூடுகிறது, அதில் முடங்கும் பணம் கூடுகிறது, கிடங்கில் கையிருப்பு குறைகிறது. இவை மூன்றையும் உடனே கணக்கிட்டுக் காட்ட வேண்டிய கருவி, நாங்கள் கையால் எண்களை மாற்றிய பிறகுதான் காட்டியது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவினர் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் இரண்டு பகுதிகளும் தனித்தனி மென்பொருள்கள் என்பதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை.

மெதுவாக வளரும் ஆபத்துகளிலும் சேவை பின்தங்குகிறது. 2023-இல் பனாமா கால்வாய்க்கு நீர் தரும் கட்டூன் ஏரியின் நீர்மட்டம் வறட்சியால் இறங்கியதால், வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள் வரை சென்ற அந்தக் கால்வாயில் 2024 ஜனவரியில் 24 கப்பல்களே அனுமதிக்கப்பட்டன. மாதக்கணக்கில் படிப்படியாக வந்த இந்தக் கட்டுப்பாட்டை, ஒவ்வொரு படியும் சிறியது என்பதாலோ என்னவோ, சேவை குறைந்த முக்கியத்துவமுள்ள செய்திகளின் வரிசையிலேயே வைத்திருந்தது. சரக்குப் படகுகள் செல்லும் ஐரோப்பாவின் ரைன் ஆற்றின் நீர்மட்டத்துக்கு மட்டும் பின்னர் தனியாக ஒரு அளவுகோலைச் சேர்த்திருக்கிறார்கள். அது நன்றாக இருக்கிறது.

சப்ளையர்களின் நிதிநிலை மதிப்பெண்ணை நான் ஏறத்தாழப் பார்ப்பதே இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம்; ஆண்டறிக்கை வெளியிடாத சிறு சப்ளையர்களுக்கு அந்த மதிப்பெண் வெறும் ஊகம். வழக்கத்துக்கு மாறாக முன்பணம் கேட்பது, ஒரே ஆர்டரைத் துண்டு துண்டாக அனுப்புவது, விலைப்புள்ளி அனுப்பத் தாமதிப்பது, நெடுநாள் பழகிய தர மேலாளர் வேலையை விட்டுப் போவது போன்ற அறிகுறிகள் வாங்கும் அலுவலருக்கே முதலில் தெரியும். அவற்றைப் பதிவு செய்ய இச்சேவையில் ஓர் இடம் இருந்தால் போதும், மதிப்பெண்ணே வேண்டாம்.

கட்டண முறையைப் பற்றி வாங்குபவர்கள் அவசியம் யோசிக்க வேண்டும். கண்காணிக்கும் ஆலைகளின் எண்ணிக்கையை வைத்துச் சந்தா கணக்கிடப்படுகிறது. இதனால், செலவைக் குறைக்க நினைக்கும் எந்த நிறுவனமும் அதிகத் தொகைக்கு வாங்கும் பெரிய சப்ளையர்களை மட்டும் சேர்த்து, சிறியவர்களை விட்டுவிடத் தூண்டப்படுகிறது. ஆபத்து ஒளிந்திருப்பதோ அந்தச் சிறியவர்களிடம். எங்களுடைய ரப்பர் வளையத் தயாரிப்பாளர் முதல் பட்டியலில் வந்திருக்கவே மாட்டார். மாற்று இல்லாத உதிரிபாகங்கள் அனைத்தையும் தொகை பாராமல் சேர்க்க வேண்டும் என்று வடிவமைப்புப் பிரிவு வற்புறுத்தியதால்தான் சேர்ந்தார். ஆலைக்கு ஆலை என்றில்லாமல், முழு உதிரிபாகப் பட்டியலுக்கும் ஒரே கட்டணம் என்று பேரம் பேசுங்கள். நாங்கள் புதுப்பித்தலின்போது அப்படித்தான் பேசினோம், ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தரவு உரிமை பற்றிய பிரிவை வரி விடாமல் படிக்க வேண்டும். நம் சப்ளையர்கள் நமக்காக நிரப்பித் தரும் விவரங்களைச் சேவை நிறுவனம் மற்ற வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாமா, சந்தாவை நிறுத்தினால் அந்த வரைபடம் நமக்குத் திரும்பக் கிடைக்குமா, கிடைத்தால் எந்த வடிவத்தில் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் தரப்பட்ட வரைவின்படி, விலகும்போது படமாக அச்சிட்ட பக்கங்கள் மட்டுமே கிடைத்திருக்கும். வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய அட்டவணையாகத் தர வேண்டும் என்று திருத்தி வாங்கினோம். சப்ளையர்களில் சிலர், தங்கள் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பது தொழில் ரகசியம் என்று சொல்லிப் பதில் தர மறுத்தார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. தகவல் எங்கள் நிறுவனத்தைத் தாண்டிப் போகாது என்று தனியாக எழுதிக் கொடுத்த பிறகு அவர்களில் பலர் மனம் மாறினார்கள்.

யார் வாங்கலாம்? முதல் அடுக்கிலேயே பல நாடுகளில் சப்ளையர்களைக் கொண்டவர்களும், ஒரு பொருளில் பல நூறு உதிரிபாகங்களைப் பயன்படுத்துபவர்களும், வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க ஒருவரை முழுநேரமாக ஒதுக்கக்கூடியவர்களும் தாராளமாக வாங்கலாம். சில பத்து உதிரிபாகங்களை மட்டும் வாங்கும் சிறு நிறுவனத்துக்கு இது தேவையில்லை. உதிரிபாகம், அது உண்மையில் தயாராகும் ஆலை, மாற்று உண்டா, கையிருப்பு எத்தனை நாள், மீண்டும் நம் கிடங்குக்கு வர எத்தனை நாள் என்ற ஐந்து பத்திகள் கொண்ட ஓர் எக்செல் அட்டவணையும், அதைக் காலாண்டுக்கு ஒருமுறை சப்ளையர்களோடு தொலைபேசியில் பேசிச் சரிசெய்யும் பழக்கமும் அவர்களுக்குப் போதுமானவை. பெரிய சேவை தரும் பயனில் பெரும்பகுதியை அதுவே தந்துவிடும்.

நாங்கள் இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். ஆலை முகவரிகளை ஆவணங்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்வது, மீளும் காலத்தை மூன்று தனித்தனித் தேதிகளாகப் பிரித்துக் கேட்பது, வழித்தட எச்சரிக்கை வந்ததும் லீட் டைம் தானாக மாறுவது என்ற மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்த்திருக்கிறோம். முதல் இரண்டையும் ஏற்கெனவே செய்யத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவதற்கு அடுத்த பதிப்பு வரை அவகாசம் கேட்டிருக்கிறார்கள். அது நிறைவேறாவிட்டால், தரவை அட்டவணையாகப் பெற்றுக்கொண்டு வேறு சேவைக்கு மாறும் உரிமையும் அதே இணைப்பில் எழுதப்பட்டிருக்கிறது.